நாற்பதில் கத்தியை வைத்தவள்

என் ஓரகத்தி சுப்பம்மா நாற்பது வயதில் வேலையை விட்டாள். கை கால் விழுந்து விடவில்லை, சண்டை போட்டும் விடவில்லை. "போதும்க்கா, இனி எங்க எடத்துல எங்க இஷ்டத்துக்கு இருக்கப் போறோம்" என்று சொல்லிவிட்டுப் றப்பர் மரம் வெட்டுகிற பால்கத்தியைக் கொண்டுபோய் ஸ்டோரில் கொடுத்தாள். ருவான்வெல்லைப் பக்கம் எங்கள் றப்பர் தோட்டத்தில் இப்படி ஒரு சங்கதியை யாரும் கேள்விப்பட்டதில்லை. எங்களுக்கு வேலை நிற்க வேண்டுமென்றால் ஒன்று சம்பளத்தில் பிடித்து வைக்கிற சேமலாபக் காசு எடுக்கிற வயசு வரவேண்டும், இல்லாவிட்டால் பாடை வரவேண்டும்.

எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

அவள் என் கொழுந்தன் பெண்டாட்டி. ஒரே லயத்து வரிசையில் அடுத்தடுத்த அறை, பக்கத்துக் காம்பரா. நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது, அதனால் அவள் வீட்டில் என்ன தாளிக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். தாளிக்கிறதே இல்லை என்பதும் தெரியும். வருசம் முழுக்க ரொட்டியும் சம்பலும், மரவள்ளிக்கிழங்கும் தான். தேத்தண்ணீருக்குச் சீனி கிடையாது, உள்ளங்கையில் ஒரு துளி கித்துள் வெல்லம். தீபாவளிக்குத் தோட்டமே முற்பணம் வாங்கி ருவான்வெல்லைக் கடைத்தெருவில் விழுந்து புரளும்போது இவர்கள் மட்டும் முற்பணம் வாங்கமாட்டார்கள். பழைய சேலையைத் துவைத்துக் கஞ்சி போட்டுக் கட்டிக்கொண்டு கோவிலுக்கு வருவாள். பிள்ளை ஒன்றே ஒன்று, அதோடு நிறுத்திவிட்டாள். எனக்கு நாலு. கொழுந்தன் குடியை விட்டது சுப்பம்மா போட்ட சண்டையில். என் வீட்டுக்காரர் காத்தமுத்துவோடு நானும் தான் சண்டை போட்டேன், என் தொண்டை போனது தான் மிச்சம்.

டி.வி.யும் வாங்கவில்லை மகாராணி. நாடகம் போடுகிற நேரத்துக்கு மகளைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்து முன்னால் உட்கார்ந்துகொள்வாள். கரண்ட் பில் என் தலையில்!

"கஞ்சப் பிசினாறி" என்று அவள் காதில் விழும்படியே சொல்லியிருக்கிறேன். அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் எரியும்.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அவளுடைய மரங்கள் தான். அவளுக்கு விட்டிருந்த மரமெல்லாம் ரோட்டோரத்தில், சமதரையில் நின்றன. என்னுடைய மரம் பூராவும் மலைச்சரிவில். விடியமுன்னமே ஏறினால், ஒவ்வொரு மரமாக வெட்டிச் சிரட்டையை வைத்து, பிறகு மறுபடியும் ஏறிப் பாலைச் சேர்த்து, வாளியோடு இறங்க வேண்டும். அட்டைக்கடி வேறு. அவள் வாளி நிறையப் பாலோடு ஒய்யாரமாக நடந்து வந்து நிறுத்துவிட்டுப் போவாள். கூடுதல் கிலோவுக்குக் கூடுதல் காசு. கண்டக்டர் ஐயா, அவர் தான் எங்கள் மலையைப் பார்க்கிறவர், "பாருங்க சுப்பம்மாவ" என்று எங்களுக்குக் காட்டுவார். அன்றைக்கே காசு கொடுக்கிற ஞாயிற்றுக்கிழமை கைக்காசு வேலைக்கும் அவளைத் தான் முதலில் கூப்பிடுவார்.

எனக்கு அப்போது நாற்பத்தாறு. சேமலாபக் காசு கைக்கு வர ஐம்பது ஆகவேண்டும். அதற்குள் என் முழங்கால் இரண்டும் சொல்லிக்கொள்ளாமல் வீங்க ஆரம்பித்துவிட்டன. டிஸ்பென்சரியில் பெனடோல் மாத்திரை தந்து, "ஏறாதம்மா" என்றார்கள். ஏறாமல் யார் பேர் போட்டு நாள் கூலி தருவார்கள்? காத்தமுத்துவின் சம்பளம் தவறணைக் குடியோடு முடிந்துவிடும், அடுப்பெரிவது என் காலில். அந்த நாலு வருசத்தை இந்தக் கால் தாங்குமா என்பது தான் ராத்திரி பகலாக என் கவலை.

அதனால் சுப்பம்மா வேலையை விடுகிறாள் என்றதும் எரிச்சலோடு எரிச்சலாக ஒரு ஆசையும் வந்தது. வேலையை விட்டுப் போகிறவர் தன் மரத்தை யாருக்கு விடச் சொல்கிறாரோ அவருக்குக் கொடுப்பது எங்கள் தோட்டத்து வழக்கம். ஆனால் நான் போய் அவளிடம் கேட்பேனா? நாக்கு அழுகிப்போனாலும் கேட்கமாட்டேன்.

கேட்க வேண்டிய அவசியம் வரவில்லை. இரண்டாயிரத்து ஐந்து தீபாவளி கழிந்த மறுவாரம் அவளே வந்தாள்.

"அக்கா, என் மரத்த ஒங்களுக்கே விடச் சொல்லி கண்டக்டர் ஐயாக்கிட்ட சொல்லிட்டேன். ஒங்க காலுக்கு மேடு ஒத்துவராதுல்ல."

"நான் ஒன்னக் கேட்டேனாடி?"

"கேக்கலக்கா. எனக்குத் தெரியாதா?"

தானம் பண்ணுகிறாளாம் என்று மனசுக்குள் கறுவினேன். ஆனாலும் அன்றைக்குச் சந்தோசத்தில் சோறு இறங்கவில்லை. என் மலை மரங்களைப் புதிதாகப் பேர் பதிந்த ஒரு குமரிக்குக் கொடுத்துவிட்டார்கள். அவள் ஏறட்டும், அவளுக்கு இளங்கால்.

திங்கட்கிழமை கத்தியோடு ரோட்டோரத்துக்குப் போனேன். விடிந்து வெளிச்சம் வந்ததும் முதல் மரத்தின் பட்டையைத் தடவினேன். கையெல்லாம் மேடும் பள்ளமும். அடுத்த மரமும் அப்படித் தான். அதற்கடுத்ததில் கத்தி போட்டேன், இரண்டு சொட்டு வடிந்து நின்றுவிட்டது.

றப்பர் மரத்தில் கத்தி பட்டையில் மட்டும் ஓடவேண்டும். உள்ளே கட்டையைத் தொட்டு வெட்டினால் அன்றைக்குப் பால் கொட்டும், ஆனால் அந்தக் காயத்தில் நல்ல பட்டை திரும்ப வராது. அப்படியே வெட்டிக்கொண்டு போனால் ஒரு நாள் மரமே வறண்டுவிடும். குமரியாகப் பேர் பதிந்த அன்றைக்கே எனக்குச் சொல்லித்தந்த பாடம் அது. சுப்பம்மாவுக்கும் அதைத் தான் சொல்லித்தந்தார்கள். பாவி, வருசக் கணக்காகக் கட்டை வரைக்கும் வெட்டியிருக்கிறாள்! ஓய்வு விடவேண்டிய நாளிலும் கைக்காசுக்காக வெட்டியிருக்கிறாள். எங்களுக்கு எப்படித் தெரியும்? ஒருத்தர் மரத்துப் பக்கம் இன்னொருத்தர் போகமாட்டோம், போனால் சிரட்டையில் உறைந்த ஒட்டுப்பால் திருட வந்தாள் என்று பேராகிவிடும்.

வாளியில் கால்வாசி கூட இல்லை. நிறுக்கிற இடத்தில் கண்டக்டர் ஐயா தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்ன அழகம்மா, இதே மரத்துல சுப்பம்மா ரெண்டு வாளி கொண்டாருவா. ஒனக்குக் கை போயிருச்சா?"

"மரம் செத்துக் கெடக்குங்க ஐயா. வந்து பட்டையப் பாருங்க. கண்ட மாதிரி வெட்டி வச்சிருக்கா."

அவர் குரலைத் தணித்தார். "பாலு கூட வந்தப்ப யாரும் பட்டையப் பாக்கல. இப்ப போய் அதப் பேசாத. நீ கேட்டு வாங்கின மரம்."

"நான் கேக்கலைங்க."

"பழைய மரத்துக்கு ஆள் போட்டாச்சு" என்று சொல்லிவிட்டு எனக்கு அரைப் பேர் போட்டார், பாதிக் கூலி. மறுநாளும் அரைப் பேர். அந்த வாரம் முழுக்க அரைப் பேர் தான். என் மலை மரத்திலிருந்து அந்தக் குமரி வாளி தளும்பத் தளும்ப வந்து எனக்கு முன்னால் நிறுத்துவிட்டுப் போனாள். "மாமி, ஒங்க மரம் தங்கம்" என்றாள். அவளை அறைந்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை சுப்பம்மாவின் இடத்துக்குப் போனேன். தோட்டத்து எல்லைக்கு வெளியே, கிராமத்தில் அத்தனை வருசமும் மிச்சம் பிடித்து வாங்கியிருந்த அரை ஏக்கர். முழுக்க வெற்றிலைக் கொடி. சின்னதாகத் தகரக்கூரை வீடு. பகல் பத்து மணிக்கு அவள் பாயில் காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தாள். வாங்க வந்த சிங்களப் பையன் விலையைக் குறைக்கப் பார்த்தான். இவள் "பே மல்லி, பே", முடியாது தம்பி என்று சிரித்துக்கொண்டே தலையாட்டி, கேட்ட விலையை வாங்கித் தான் அனுப்பினாள். முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது.

"அடியே, மரத்தக் கொன்னுட்டு என் தலையில கட்டிட்டியா?"

அவள் மறுக்கவில்லை. "உக்காருங்கக்கா" என்று பாயில் இடம் விட்டாள். நான் நின்றுகொண்டே கத்தினேன். என்னவெல்லாமோ சொன்னேன். அவள் அடுக்கி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மரம் தோட்டத்துதுக்கா. காலு தான் நம்மளது. மரத்தப் பாத்து வெட்டியிருந்தா நானும் அம்பது வயசு வரைக்கும் கெடந்திருக்கணும். நீங்க பாத்து வெட்டினீங்களே, அதுக்கு ஒங்களுக்கு என்ன தந்தாங்க?"

"அப்ப அந்த மரத்த எனக்கு ஏன்டி குடுத்த?"

"கடைசி மாசம் இன்னும் ஆழமா வெட்டினேன், ஆனா மொத்தமும் வறண்டிருக்காதுன்னு நெனச்சேன். ஒங்க காலு ஏறாம இருந்தாப் போதும்னு நெனச்சேன். தப்புதான்க்கா."

இருபத்தெட்டு வருசம் ஒரு மரத்தில் கூடக் காயம் படாமல் வெட்டியவள் நான். அந்த மரமெல்லாம் இன்றைக்கு ஒரு குமரியின் வாளியை நிரப்புகிறது. பட்டினி கிடந்தும் பட்டையைக் கிழித்தும் இவள் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். அவள் சேர்த்த காசைப் பார்த்துக் கூட நான் இப்படி எரிந்ததில்லை. இந்தப் புத்தி எனக்கு வரவில்லையே என்று எரிந்தேன்.

சுப்பம்மா என் காலைப் பார்த்தாள். வீக்கம் சேலைக்கு வெளியே தெரிந்தது.

"வெத்தல அடுக்க ஒரு ஆள் தேடிக்கிட்டிருக்கேன்க்கா. உக்காந்த வேல தான். தோட்டத்துச் சம்பளம் நான் தாரேன், முழுப் பேரு."

என் கொழுந்தன் பெண்டாட்டியிடம் நான் கூலிக்கு நிற்பதா? அவள் முகத்தில் காறித் துப்பிவிட்டு வரவேண்டும் போலிருந்தது. நாலு பிள்ளையும் அடுப்பும் கண்ணுக்குள் வந்தன. சேமலாபக் காசுக்கு இன்னும் நாலு வருசம்.

பாயில் உட்கார்ந்தேன். உட்காரும்போது முழங்கால் கடகடவென்றது, அவள் கை கொடுத்தாள்.

"எத்தன மணிக்கு வரணும்?" என்று கேட்டேன்.