ரோஸிக்கு ரெண்டே ரெண்டு கட்டி

பன்வில தபால் கந்தோரிலிருந்து ஓய்வு பெற்றபின் எனக்கு ஓர் உத்தியோகம்தான் மிச்சம். பயிர்ப்பூச்சி, மாட்டு நோய் பரவினால் அரசாங்கம் போனுக்கு எச்சரிக்கை அனுப்பும். கண்டவர்கள் அறிவிக்க ஓர் இலக்கமும் இருக்கும். நான் காணாத நாளே இல்லை. சோளத்தில் படைப்புழு விழுந்தபோது, ஒவ்வொன்றும் மலைப்பாம்பு அளவு என்றேன். நத்தைகள் வேலியையே தூக்கிக்கொண்டு போனதாகவும் அறிவித்தேன். மறுமுனையில் டிலானி என்ற பெண் சிரித்துக்கொண்டே எழுதிக்கொள்வாள்.

போன மாதம் மாடுகளின் தோலில் கட்டி வரும் நோய்க்கு எச்சரிக்கை வந்தது. மறுநாளே எங்கள் பசு ரோஸியின் கழுத்தில் கட்டிகள். என் மனைவி கத்தரீனா ரோஸிக்குக் கஞ்சி வைக்காமல் ஒருநாளும் தேநீர் குடித்ததில்லை. அவள் பக்கத்தில் நிற்கும்போதே இலக்கத்தை அழுத்தினேன்.

"சின்னதா ரெண்டு கட்டி, புள்ள. கொசு கடிச்சிருக்கும். அவசரமில்ல."

டிலானி சிரிக்கவில்லை.

"நத்தைய வேலி தூக்க வச்ச ஆளு நீங்க. ரெண்டு கட்டியோட நிறுத்துறீங்கன்னா எனக்குப் பயமா இருக்குய்யா. டொக்டர இப்பவே அனுப்புறேன். மத்த மாடுங்ககிட்ட விடாதீங்க."

டொக்டர் வந்து முப்பத்தொரு கட்டி எண்ணினார். காய்ச்சலுக்கு ஊசி போட்டார். அன்றிலிருந்து நாள் தவறாமல் டிலானி விசாரித்தாள். "பரவாயில்ல" என்று மட்டும் சொல்லி போனை வைத்தேன்.

நேற்று நானே அழைத்தேன்.

"புள்ள, ரோஸி காலையில கறந்த பால்ல கண்டி வாவி ரொம்பி, ரோட்டுல பஸ்ஸெல்லாம் மெதக்குது."

மறுமுனையில் டிலானி மூக்கை உறிஞ்சினாள்.

"அப்பாடா," என்றாள். "ரோஸி சொகமாயிட்டா."