செத்தவீட்டுப் பற்றீஸ்

ஜெகதீஸ்வரி ஒரு கையால் குப்பைப் பையின் வாயை விரித்துப் பிடித்திருந்தாள். மற்றக் கையில் பொலித்தீன் சுற்றிய மஞ்சள் உருண்டை ஒன்று இருந்தது. சிவாஜினி ஈரத்தலையோடு குளியலறையிலிருந்து வெளியே வந்தபோது அந்தக் கை பைக்கு மேலே போய்விட்டிருந்தது.

"அதை வையுங்கோ மச்சாள்."

"இதென்ன பிள்ளை, மஞ்சளாய், கல்லு மாதிரிக் கிடக்கு? ஃபிரிட்ஜின்ரை மேல்தட்டு முழுக்க இதுதான்."

"மா. அவர் குழைச்சு வைச்சது."

தம்பி குழைத்தது என்றதும் ஜெகதீஸ்வரியின் கை கொஞ்சம் தயங்கியது. பிறகு, "எத்தினை நாள் மா. ஆர் தின்னப்போகினம்? சனம் கொண்டு வாற சாப்பாடு வைக்க இடமில்லை" என்றாள்.

சிவாஜினி கிட்டப்போய் உருண்டையை வாங்கினாள். வாங்கினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது, பிடுங்கினாள்.

கிருபானந்தன் வியாழக்கிழமை காலை துறைமுகத்துக்கு லொறி ஓட்டப் போனவர். கொள்கலன் பெட்டி ஏற்றுவதற்காகக் காத்திருந்த வரிசையிலேயே ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துவிட்டார். பின்னால் நின்றவன் ஹோன் அடித்தும் வண்டி நகரவில்லை. மாரடைப்பு என்றார்கள். திங்கட்கிழமைதான் தகனம். ரொறன்ரோவிலிருந்து அவருடைய அக்கா ஜெகதீஸ்வரியும் அத்தானும் வெள்ளி விடியவே வந்து இறங்கி, மொன்றியல் சென்ட் லோரன்ட்டில் இருந்த அந்தச் சின்ன வாடகை வீட்டைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொண்டது அக்கா, அத்தான் குணரத்தினம் அவள் காட்டிய இடங்களில் கதிரை விரித்தார். பிள்ளை இல்லாத வீடு. கொள்ளி வைப்பதற்கு அவர்களுடைய மகன் ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு.

இன்று சனிக்கிழமை. இந்த மா இன்றைக்கென்று குழைத்த மா.

கிருபானந்தனோடு ஒரே கொம்பனியில் லொறி ஓட்டிய ட்ரெவர் ஜமேக்காக்காரன். ஒரு மதியம் அவன் தன் தாய் சுட்ட, இறைச்சி பொதிந்த பற்றீஸில் பாதியைப் பிய்த்துக் கொடுத்திருக்கிறான். அன்று மாலை கிருபானந்தன் வீட்டுக்கு வந்த வேகத்தில் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. "எங்கடை பற்றீஸ்தானப்பா. எண்ணெயிலை குளிக்காமல் வந்திருக்கு" என்றார். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அந்த வீட்டுக் குசினி அவருடையதாகிவிட்டது. செய்முறையை யாரிடமும் கேட்கவில்லை. தின்று பார்த்து, கைக்கணக்கில் செய்து, சுட்டதில் நாலைந்தை ட்ரெவரின் தாய் மிஸ் ஐவிக்குக் கொடுத்தனுப்பினார். மாவுக்கு மஞ்சள், இறைச்சிக்கு யாழ்ப்பாணத்துக் கறித்தூள். மிஸ் ஐவியிடமிருந்து பதில் வரும்: உறைப்பு அதிகம், இன்னும் அனுப்பு.

நேரில் ஒரு தடவையும் சந்திக்காத அந்த இருவருக்கும் இப்படி வருசக்கணக்கில் கொடுக்கல் வாங்கல் நடந்தது. போன கிழமை மிஸ் ஐவி இறந்துபோனாள். ஒன்பதாம் நாள் ட்ரெவர் வீட்டில் சனம் கூடும், அதற்குப் பற்றீஸ் தன் பொறுப்பு என்று கிருபானந்தன் சொல்லிவிட்டு வந்தார். புதன்கிழமை மாலை இறைச்சியைச் சமைத்து ஆறவிட்டு, மாவைக் குழைத்து உருட்டிக்கொண்டே கதை சொன்னார். "செத்த ஆளுக்கெண்டு ஒரு மேசை போடுவினமாம். அவவுக்கு விருப்பமானதெல்லாம் வைப்பினமாம். சாமம் தாண்டுமட்டும் அதை ஆரும் தொடாயினமாம். எங்கடை எட்டுச்செலவுப் படையல்தான், என்ன, ஒரு நாள் பிந்திச் செய்யினம்."

அடுத்த நாள் அவரும் போய்ச் சேர்ந்தார். ட்ரெவர் தாயின் சாவுக்கு விடுமுறையில் நின்றான். அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

சிவாஜினி உருண்டையை மேசையில் வைத்துவிட்டு, போறணையின் குமிழைத் திருகினாள். மின்னடுப்புக்குக் கீழே இருக்கும் அந்தப் பெட்டியை மொன்றியலில் எங்கள் சனம் சட்டி பானை அடுக்கத்தான் வைத்திருக்கும். கிருபானந்தன்தான் அதற்கு ஊர்ப் பேக்கரியின் மரியாதையைக் கொடுத்துப் போறணை என்று கூப்பிட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஏன் இப்ப அதைத் திருகுறாய்?" என்றாள் ஜெகதீஸ்வரி.

"சூடாக வேணும்."

"செத்தவீட்டிலை அடுப்பு மூட்டக்கூடாது எண்டு உனக்கு ஆரும் சொல்லித் தரேல்லையே?"

"தந்தவை மச்சாள்." சிவாஜினி இறைச்சிப் பாத்திரத்தையும் வெளியே எடுத்தாள். "ட்ரெவரின்ரை தாய்க்கு இண்டைக்கு ஒன்பதாம் நாள். பற்றீஸ் செய்து தாறன் எண்டு இவர் சொன்னவர்."

"ஆர், அந்தக் கறுவலோ?"

"பேர் ட்ரெவர்."

உள்ளதைச் சொன்னால் ஜெகதீஸ்வரி ட்ரெவரைவிட ஒரு பிடி கறுப்பு. அதை அவளுக்கு எடுத்துச் சொல்லும் தைரியம் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் இருந்ததில்லை.

"செத்தவன் சொன்ன சொல்லையெல்லாம் ஆர் பிள்ளை கணக்கெடுக்கிறது?"

"அவர் உயிரோடை இருக்கேக்கைதான் சொன்னவர்."

ஜெகதீஸ்வரி பாத்திரத்தின் மூடியைத் தூக்கி மணந்து பார்த்தாள். முகம் மாறியது. "இது என்ன இறைச்சி?"

ஆடு என்று சொல்லியிருக்கலாம். கேட்டவளும் அந்தப் பதிலைத்தான் எதிர்பார்த்து நின்றாள். சிவாஜினி மாட்டிறைச்சி தின்பதில்லை. சனிக்கிழமைகளில் ஓரத்தை முள்ளுக்கரண்டியால் அழுத்திக் கொடுப்பதோடு அவள் வேலை முடிந்துவிடும். ஆனாலும் இன்றைக்கு ஒரு பொய்யும் சொல்வதில்லை என்று அவளுக்குள் ஏதோ பிடிவாதம் ஏறியிருந்தது.

"மாடு."

ஜெகதீஸ்வரி கதிரையில் இருந்துவிட்டாள். வாசலில் நின்ற குணரத்தினம் தொண்டையைச் செருமினார். "சொன்ன சொல் எண்டு ஒண்டு இருக்குத்தானே, ஈசு..." என்று தொடங்கியவர் மனைவி திரும்பிப் பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கிக்கொண்டார்.

"என்ரை தம்பி அங்கை ஐசுக்குள்ளை கிடக்கிறான்" என்றாள் ஜெகதீஸ்வரி. அவள் குரல் உடைந்தது. "நீ இஞ்சை பற்றீஸ் சுடுறாய்."

அந்தச் சொல் சிவாஜினியைச் சுட்டது. மச்சாளின் அழுகை பொய்யில்லை என்பதும் தெரியும்; அந்தத் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். கட்டிப்பிடித்து இரண்டு பேரும் அழுதுவிட்டால் எல்லாம் சுலபமாக முடிந்துவிடும். மா குப்பைக்குப் போய்விடும்.

"அவர் கிடக்கிறபடியால்தான் நான் சுடுறன் மச்சாள். இருந்திருந்தா அவரே சுட்டிருப்பார்."

"சாவுத்துடக்கு வீட்டுச் சாப்பாட்டை ஆர் வாயிலை வைப்பினம்? சொல்லாமல் குடுத்தா அது பாவம்."

"சொல்லித்தான் குடுப்பன். அதுவும் செத்தவீடு, இதுவும் செத்தவீடு. ஆருக்கு ஆர் துடக்கு?"

ஜெகதீஸ்வரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து முன்னறைக்குப் போனாள்.

கீழ்வீட்டுத் திரேசம்மா இடியப்பமும் சம்பலும் கொண்டு படியேறி வந்தபோது சிவாஜினி தனியாக மா உருட்டும் உருளையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மா குளிரில் இறுகி, உருட்ட உருட்ட ஓரம் பிளந்தது. கிருபானந்தனின் கை மாவில் படுத்து வேலை செய்யும். அவள் கைக்கு அந்தப் பாரம் இல்லை. திரேசம்மா நிலைமையைப் புரிந்துகொள்ள அதிக நேரம் எடுக்கவில்லை. முன்னறையில் பாதியைக் கேட்டுக்கொண்டுதான் வந்திருந்தாள்.

"என்ரை வீட்டிலை கொண்டந்து சுடன் பிள்ளை. பிரச்சினை இல்லைத்தானே."

"உங்கடை போறணைக்குள்ளை என்னக்கா இருக்கு?"

திரேசம்மா யோசித்தாள். "இட்டலிச் சட்டி. பிறகு, மகளின்ரை கலியாணத்துக்கு வாங்கின பெரிய தாச்சி."

"இருக்கட்டும். இது இவர் இந்த வீட்டிலை துவங்கின வேலை. இஞ்சையே முடியட்டும்."

"அப்ப அந்த முள்ளுக்கரண்டியை இஞ்சை தா. நான் வேதக்காரி, எனக்கென்ன துடக்கு."

சிவாஜினி மாவைக் கொஞ்ச நேரம் வெளியே இளகவிட்டாள். பிறகு உருளையின் மேல் முழு உடம்பையும் சாய்த்து உருட்டினாள். பால்மா ரின்னின் மூடியால் வட்டம் வெட்டி, இறைச்சியை வைத்து மடித்துத் தள்ள, திரேசம்மா பிறைபோல வந்த ஓரத்தை வரிவரியாக அழுத்தினாள். முதல் தட்டம் உள்ளே போனது. சற்று நேரத்தில் மணம் புறப்பட்டது. வெண்ணெயும் மஞ்சளும் கறித்தூளுமாகக் கலந்து, கதவு யன்னல் பார்க்காமல் அது வீடெங்கும் நடந்தது. கிருபானந்தன் போனபிறகு அந்த வீட்டில் உயிரோடு வந்த முதல் மணம் அதுதான். சிவாஜினி அழவில்லை, இரண்டாவது தட்டத்துக்கு எண்ணெய் பூசினாள்.

முன்னறையில் துக்கம் விசாரிக்க வந்த நான்கைந்து பேர் இருந்தார்கள். பேச்சு திடீரென்று நின்றது. சிவாஜினி மா அப்பிய கையோடு அவர்கள் முன்னால் போய் நின்றாள். எழுந்த ஒரு பெண் அவளைக் கட்டிக்கொள்வதா, வேண்டாமா என்று தடுமாறி, "என்ன பிள்ளை மணக்குது?" என்று கேட்டுவிட்டாள்.

"பற்றீஸ்" என்றாள் சிவாஜினி.

யாருக்கும் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஜெகதீஸ்வரி சுவரைப் பார்த்தாள். வந்தவர்கள் இதை மெட்ரோ ஏறுவதற்கு முன்பே ஊருக்கெல்லாம் சொல்லிவிடுவார்கள் என்று சிவாஜினிக்குத் தெரியும். சொல்லட்டும் என்று நினைத்தாள். மனிசன் சாகும்வரைக்கும் அவர்களில் யாரும் இந்த வாசலை மிதித்ததில்லை.

எப்போதும் போல ஒரு பற்றீஸ் போறணைக்குள் வெடித்தது. நிறைய இறைச்சி வைத்துவிட்டால் ஓரம் பிளந்து உள்ளிருப்பது வழியும். அவை பிறருக்குக் கொடுப்பதற்கில்லை. கிருபானந்தன் அவற்றைத்தான் சாப்பாட்டுப் பெட்டியில் போட்டுத் துறைமுகத்துக்குக் கொண்டுபோவார். "நல்லதைக் குடுத்துப்போட்டு உடைசலைத் தின்னுற மனிசன்" என்று அவள் ஏசினால், "வெடிச்சதுதானப்பா ருசி. ட்ரெவரைக் கேட்டுப் பார், அவன் பக்கத்திலை இருந்து புதினம் பாக்கிறவன்" என்பார்.

கை பழக்கத்தில் அதை எடுத்து ஒரு ஓரமாக வைத்தது. வைத்தபிறகுதான் அதைத் தின்ன ஆளில்லை என்பது அவளுக்கு உறைத்தது. சிவாஜினி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். திரேசம்மா முள்ளுக்கரண்டியைக் கழுவப்போவதுபோலத் திரும்பிக்கொண்டாள். பிறகு சிவாஜினி அதை எடுத்து இரண்டாவது தட்டத்தின் மூலையில், நல்லவற்றோடு வைத்து அலுமினியத் தாளால் மூடினாள்.

குணரத்தினம் கார்த் திறப்பைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

"போறதெண்டா போ பிள்ளை" என்றாள் ஜெகதீஸ்வரி. "திரும்பி வந்து தலைக்குத் தண்ணி வாத்துப்போட்டு உள்ளுக்கு வா. செத்தவீட்டுக்குப் போட்டு வாறாய்."

"எந்தச் செத்தவீட்டுக்கு வாக்கிறது மச்சாள்?" என்று கேட்டுக்கொண்டே சிவாஜினி படியிறங்கினாள்.

லசாலில் ட்ரெவரின் வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இருக்கவில்லை. தெரு முழுக்கக் கார்கள். உள்ளே பாட்டுச் சத்தம் கேட்டது, நடுவே யாரோ பெரிதாகச் சிரித்தார்கள். செத்தவீட்டில் சிரிப்பு. சிவாஜினிக்கு அது பிழையாகத் தெரியவில்லை. குணரத்தினம் காரிலேயே இருந்தார். அவள் இரண்டு தட்டங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏந்தி, பனி மிதித்து நடந்துபோய், முழங்கையால் மணியை அழுத்தினாள்.

ட்ரெவர் கதவைத் திறந்தான். நெடிய மனிதன், கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தான். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. தட்டங்களை வாங்கக் கை நீட்டியவன் அவள் தோளுக்கு மேலால் காரைப் பார்த்தான். கதவு சாத்திக்கொள்ளாமல் காலால் தடுத்துப் பிடித்துக்கொண்டு, "கிருபா வண்டியை நிறுத்திறானா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

சிவாஜினியின் ஆங்கிலம் தையல் தொழிற்சாலையில் பொறுக்கியது. காரில் வரும்போதே சொற்களை அடுக்கி வைத்திருந்தாள். தட்டங்களை அவள் விடவில்லை.

"கிருபா செத்துப்போனார். வியாழக்கிழமை. மா அவர் குழைச்சது, சுட்டது நான். என்ரை வீடும் செத்தவீடு. எங்கடை ஆக்கள் செத்தவீட்டுச் சாப்பாட்டை வெளியிலை குடுக்கிறேல்லை. நீங்கள் வேண்டாம் எண்டா எனக்குக் கோவமில்லை. கொண்டு போறன்."

குளிர் திறந்த கதவால் உள்ளே போய்க்கொண்டிருந்தது. யாரோ உள்ளிருந்து கதவைச் சாத்தச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ட்ரெவர் மேல் தட்டத்தின் தாளை ஒரு மூலையில் நீக்கி, ஒரு பற்றீஸை எடுத்தான். வாசலில் நின்றபடியே கடித்தான். அவசரப்படாமல், ஒரு துணுக்கையும் சிந்தாமல், முழுவதையும் தின்று முடித்தான். பிறகு தட்டங்களை ஒரு கையில் வாங்கிக்கொண்டு மற்றக் கையால் அவளை உள்ளே அழைத்தான்.

பாட்டு ஓய்ந்தது. ஆட்கள் வழிவிட்டார்கள். மூலையில் வெள்ளைத் துணி விரித்த சின்ன மேசை இருந்தது. அதில் தொப்பி போட்ட மிஸ் ஐவியின் படம், ஒரு கிளாசில் ரம், பொரித்த மீனும் சோறும் வைத்த பீங்கான். யாரும் அந்த மேசைக்குக் கிட்ட நிற்கவில்லை.

ட்ரெவர் மிஸ் ஐவியின் பீங்கானைக் கொஞ்சம் ஒரு பக்கமாக நகர்த்தினான். தட்டங்களைப் பக்கத்துக் கதிரைகளில் வைத்து, முதல் தட்டத்தின் தாளை முழுதாகக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தான். ஒன்றை விலக்கினான். அடியிலிருந்த இன்னொன்றைத் தூக்கி ஓரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தான்.

அவன் எதைத் தேடுகிறான் என்று சிவாஜினிக்கு விளங்கியது. இரண்டாவது தட்டத்தின் தாளை நீக்கி, மூலையில் ஓரம் வெடித்துக் கிடந்த பற்றீஸை அவனுக்குக் காட்டினாள்.