நிரம்பாத டிஸ்க்

லீவு முடிந்து ஆபீஸுக்கு வந்தவள் சாஃப்ட்வேர் டெஸ்ட் முடிவுகளைத் திறந்ததும் முகம் சுளித்தாள். எல்லாம் பச்சை, அதாவது ஒரு தவறும் இல்லையாம். அதுவும் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் ஓடி முடிந்துவிட்டது. அந்த டெஸ்ட்டுக்காக அவள் எழுதிய ஸ்கிரிப்ட் அப்படி அவசரப்படுகிற ஜாதி இல்லை. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு பொய் டிஸ்க்கை, அதாவது கம்ப்யூட்டர் நிஜமென்று நம்புகிற ஒரு ஃபைலை, உருவாக்கி, அதை விளிம்பு வரை குப்பையால் நிரப்பி, அப்புறம்தான் சோதனைக்குக் கொடுக்கும்.

அவர்கள் சோதித்தது ஸ்கேன் படங்களைச் சேமிக்கிற சாஃப்ட்வேர். டிஸ்க்கில் இடம் தீர்ந்தால் அது 'இடமில்லை' என்று கத்த வேண்டும். அம்மாவுக்கு ஸ்கேன் எடுத்த இடத்தில் எவனோ எழுதிய ஒன்று கத்தவில்லை. 'சேமித்தாயிற்று' என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டுப் படத்தைத் தொலைத்தது. அம்மா மறுபடி ஊசி குத்திக்கொண்டு அந்தக் குழாய்க்குள் போய்ப் படுத்தாள். அந்த ஆத்திரத்தில் எழுதிய ஸ்கிரிப்ட் இது.

திறந்து பார்த்தாள். நிரப்பும் வரியைக் காணோம். கடைசியாகக் கை வைத்தவன், அவளே சிபாரிசு செய்து வேலைக்குச் சேர்த்துவிட்ட தம்பி. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன்டா எடுத்தே?"

"ரொம்ப நேரம் இழுக்குதுக்கா. மேனேஜர் சீக்கிரம் முடின்னாரு. டிஸ்க் உருவாகுதில்ல, அது போதாதா?"

"காலி டிஸ்க்ல எதை வெச்சாலும் நிக்கும். இதெல்லாம் ஒரு டெஸ்ட்டா?"

"மெதுவா பேசுக்கா. இந்த வாரம்தான் என்னை பர்மனென்ட் பண்றாங்க. ரிலீஸ் போகட்டும், அப்புறம் சேத்துடறேன்."

அவள் அந்த வரியைத் திரும்பப் போட்டு ஓட்டினாள். டிஸ்க் விளிம்பு வரை நிரம்பியது. திரையில் 'சேமிக்கப்பட்டது' என்று வந்தது. டிஸ்க்குக்குள் படம் இல்லை. டெஸ்ட் சிவப்பாகிவிட்டது.

"அம்மாவைக் கூட்டிட்டுப் போனது நீதானேடா? ஸ்கேன் சென்டர்ல நீ போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டுச்சே. இப்ப அதே வேலைய நீ பண்ணியிருக்கே."

தம்பி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். அதற்குள் மேனேஜர் வந்து நின்றார்.

"என்னம்மா, அனுப்பிடலாமா?"

"முடியாது சார். டிஸ்க் நிறைஞ்சா படம் தொலையுது. போன வாரம் பூரா காலி டிஸ்க்லதான் டெஸ்ட் ஓடியிருக்கு."

"யார் பண்ண வேலை இது?"

தம்பி அவளைப் பார்த்தான். சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு, அப்பா வரும்போது பார்க்கிற அதே பார்வை. அப்போதெல்லாம் 'நான்தான்பா' என்று முந்திக்கொண்டவள் அவள். இப்போதும் 'ஸ்கிரிப்ட்ல ஏதோ கோளாறு சார்' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. உள்ளே ஒன்றும் இல்லாமல் வெளியே பச்சை காட்டுகிற அந்தப் புத்தி தனக்கும் இருக்கிறதே என்று, தம்பி மேல் வந்ததைவிடத் தன் மேல் கோபம் வந்தது.

"என் தம்பி சார். சீக்கிரம் முடின்னு விரட்டுனது நீங்க."

மேனேஜர் முகம் சுருங்கிப்போனது. ரிலீஸை நிறுத்தச் சொல்லிவிட்டு, தம்பியைத் தன் அறைக்கு வரச் சொன்னார்.

எழுந்த தம்பி அவள் பக்கம் குனிந்தான். "வீட்ல அம்மாகிட்ட என்னக்கா சொல்றது?"

"நடந்ததைச் சொல்லு. அந்த வரியை நான் ஏன் எழுதினேன்னு அம்மாவுக்குத் தெரியும்."