ஓர்லோவா குன்றின் பேய்க்குரல்

நான் யாரையும் சுலபத்தில் நம்புகிறவன் இல்லை. பந்தெலேயை அறவே நம்புவதில்லை. எங்கள் ஓர்லோவா குன்றுக்கு எதிர்க் குன்றில் இன்னொரு ரேடியோ கிளப் நடத்தும் அந்த ஆள் எனக்கு விற்ற, ஆன்டெனாவைத் திருப்பும் மோட்டார் ஒரே வாரத்தில் புகைந்துபோனது. ஆகவே போட்டி நாளில், போட்டி தொடங்குமுன்பே எங்கள் ரிசீவரில் மறுபடியும் பேய்க்குரல் எழுந்தபோது, அது அவன் வேலைதான் என்றேன்.

பேய்க்குரல் என்பது யாருமே பேசாத இடத்தில் கேட்கும் குழறல். அங்கே மெலிதாக வரும் தூரத்து ஆட்களை அது மூடிவிடும். எங்கள் போட்டியில், ரேடியோவில் எவ்வளவு தூரத்து ஆளோடு பேசுகிறோமோ அந்தத் தூரத்துக்குத்தான் புள்ளி. வருஷா வருஷம் இதனாலேயே தோற்றோம்.

"அவன் மெஷின் குப்பையைக் கக்குது. நடுவர்கிட்ட புகார் குடுத்துடறேன்" என்றான் கிளப் தலைவன் வெலிச்கோ. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். பேச்சும் ஹாரன் மாதிரிதான்.

என் மகள் சோர்னிட்சா ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் மென்றபடி சொன்னாள்: "அவர் மேல தப்பில்ல மாமா. பேய் நம்ம பெட்டியிலயே குடியிருக்கு."

கம்பத்தின் உச்சியில், கேட்பதற்கென்றே வைத்த ஆன்டெனாவின் கீழ் இருக்கும் பெட்டி அது. மெலிந்த குரலைப் பெருக்கித் தரும். பக்கத்துக் குன்றுக்காரர்கள் கத்தும்போது பெருக்கியை ஒதுக்கி, குரலைச் சுற்றுவழியில் அனுப்பும். அந்தச் சுற்றுவழியைக் கட்டியவன் வெலிச்கோ.

"பெருக்கியத்தான் ஒதுக்கியாச்சே! வெறும் வழியில ஏதுடி பேய்?"

"வெறும் வழியா? அதுல டயோடு இருக்கு மாமா, கதவு மாதிரி. மூடின கதவுக்குத் தாழ்ப்பாள் லூசு. பந்தெலேயும் டவுன் கிளப்பும் சேர்ந்து கத்தினா அது படபடன்னு அடிக்குது, ரெண்டு குரலும் கலந்து மூணாவதா ஒண்ணு பொறக்குது. நான் ஒண்ணுக்கு ரெண்டா கதவு வெச்சு, மூடிப் பிடிக்கிற வோல்டேஜையும் ஏத்திட்டேன்." தன் புதுப் பெட்டியைத் தூக்கிக் காட்டினாள்.

போட்டி தொடங்கிவிட்டால் கம்பத்தில் யாரும் ஏறக்கூடாது என்பது எங்கள் கிளப் சட்டம். மாட்டுவதானால் இப்போதே மாட்ட வேண்டும்.

"உன் பெட்டி ஊமையாச்சுன்னா இந்தக் குன்றுல உனக்கு இனி வேலை இல்ல" என்றான் வெலிச்கோ. பிறகு என்னைப் பார்த்தான். கம்பம் ஏறுகிறவன் நான்தான்.

"என் மகளா இருந்தாலும் சும்மா நம்ப மாட்டேன். நிரூபிச்சுக் காட்டு" என்றேன்.

அவள் சிரித்தாள். கட்டைவிரல் பருமனில் ஒரு பித்தளைத் துண்டைக் கொடுத்தாள். வருகிற குரலைக் குறைக்கும் சாமான். "இதை ஆன்டெனாவுக்கும் பழைய பெட்டிக்கும் நடுவுல மாட்டுங்கப்பா. பேய் பந்தெலேய்கிட்டேருந்து வருதுன்னா, அவர் குரல் குறையற அளவுதான் அதுவும் குறையும். நம்ம பெட்டியில பொறக்குதுன்னா, அவர் கொஞ்சமாத்தான் குறைவார், ஆனா தள்ளுற குரல் மெலிஞ்சா கதவு அடிக்காது, பேய் காணாமயே போயிடும்."

இதைப் புரிந்துகொள்ளப் பள்ளிக்கூடம் தேவையில்லை. ஏறினேன், மாட்டினேன். கீழே ஒலிபெருக்கியில் பந்தெலேய் சற்றுத் தணிந்து பேசிக்கொண்டே இருந்தான். பேய் இல்லை.

"கேபிளை ஆட்டிட்டியாடா?" என்று கத்தினான் வெலிச்கோ.

எனக்கும் அதே சந்தேகம். கழற்றினேன், பேய் வந்தது. மாட்டினேன், போயிற்று. மறுபடி மறுபடி செய்து பார்த்தேன்.

"அப்ப அதையே மாட்டி விட்டுடு!"

"தூரத்து ஆளும் சேர்ந்து காணாமப் போயிடுவான் மாமா" என்றாள் சோர்னிட்சா.

வெலிச்கோ கீழே கிடந்த மரப்பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தான். புதுப் பெட்டியை மாட்டு என்று எனக்குக் கையசைத்தான். பழையதைக் கழற்றி, என் மகள் கட்டியதை என் கையால் முறுக்கினேன்.

மாலை வெயிலில், பேய் வாழ்ந்த அதே இடத்தில், நூல் போல ஒரு பெண் குரல் கேட்டது. குரோவேஷியத் தீவு ஒன்றிலிருந்து பேசினாள். இருபுறமும் பந்தெலேயும் டவுன்காரர்களும் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் குரலில் ஒரு கீறல் கூட விழவில்லை.

அதிக தூரத்து ஆளிடம் தலைவன்தான் பேசுவான். அது எங்கள் வழக்கம். வெலிச்கோ மைக்கை எடுத்தான், தொண்டையைச் செருமினான், பிறகு அதைச் சோர்னிட்சாவிடம் நீட்டினான். "நீயே பேசும்மா."

அவள் பேசி முடித்ததும் பந்தெலேய் ரேடியோவில் என்னைக் கூப்பிட்டான். "என்ன தோப்ரி, இந்த வருஷம் எங்களைத் திட்டக் காணோமே?"

நான் மைக்கைப் பிடுங்கினேன். எல்லாக் குன்றுகளும் கேட்கட்டும் என்றுதான் பேசினேன். "என் பொண்ணு பெட்டி கட்டியிருக்காடா! நீ பக்கத்துல நின்னு தொண்டை கிழியக் கத்தினாலும் அசையாது. உனக்கும் ஒண்ணு வேணும்னா, முதல்ல அந்த மோட்டாரை மாத்திக் குடு!"