வலியைக் கட்டிய ஆசான்

முப்பது வருடமாகக் குழித்துறையில் ஊரார் முழங்காலுக்கெல்லாம் எண்ணெய் தேய்த்துவந்த வர்ம ஆசான் சுயம்புராஜ், தன் வலது முழங்காலில் செயற்கை மூட்டு வைக்க நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்கு ரகசியமாக வந்தார். ஊரில் சொன்னது, மூலிகை பறிக்க மலைக்குப் போகிறார் என்று.

பக்கத்துக் கட்டிலில் யோவான் இருந்தார். மீன் வியாபாரி. மூன்று வருடம் ஆசானிடம் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு, கடைசியில் மூட்டு மாற்ற இங்குள்ள டாக்டரிடம் வந்து சேர்ந்தவர்.

ஆசான் சமாளித்தார். தேய்ந்த மூட்டை மாற்றித்தான் ஆகவேண்டும், ஆனால் வலியைத் தொடையிலுள்ள வர்மப் புள்ளியில் கட்டிப்போட்டாயிற்று என்று வார்டு கேட்க அறிவித்தார். யோவான் மரியாதையாகத் தலையாட்டினார்.

ஆபரேசன் முடிந்த பிறகு நர்ஸ் ஷிஜி வந்து, வலி பத்துக்கு எவ்வளவு என்று கேட்டபோதெல்லாம் ஆசான் ஒன்று என்றார். பூஜ்யம் என்று சொல்லாதது அடக்கம். ஒன்றுதானே என்று டாக்டர் வலி ஊசியை நிறுத்தினார். கொடுத்த மாத்திரைகளை ஆசான் கன்னத்தில் ஒதுக்கி, அவள் திரும்பியதும் துண்டில் துப்பினார். மாத்திரை கிட்னியைத் தின்றுவிடும் என்று ஊருக்கே சொன்னவர் அல்லவா.

நான்காம் நாள் யோவானின் கால் தொண்ணூறு டிகிரி மடங்கியது. ஆசானுடையது நாற்பதில் நின்றது. பிசியோதெரபிஸ்ட் பெனின் தொட்டாலே தொடை பலகையாக இறுகியது. இப்படியே விட்டால் உள்ளே ஒட்டிப் பிடித்துக் கால் கம்பாக நின்றுவிடும், பிறகு மயக்கம் கொடுத்து மடக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். நாற்காலியில் உட்கார முடியாத ஆசானிடம் யார் முழங்காலைக் காட்டுவார்கள்?

மனைவி முத்துக்கனி துவைக்கலாமென்று துண்டை உதறினாள். மாத்திரைகள் தரையில் உருண்டன. ஒன்று யோவானின் கட்டில்வரை போயிற்று.

ஷிஜி பேனாவை எடுத்தாள். "அப்பா, உள்ளதச் சொல்லுங்க. எவ்வளவு?"

ஆசான் யோவானைப் பார்த்தார். யோவான் மின்விசிறியைப் பார்த்தார்.

"ஒரு மூணு இருக்கும்."

பக்கத்தில் நின்ற பெனின், ஆசானின் காலுக்கடியில் கைகொடுத்து லேசாக மடக்கினான். எந்த வர்ம ஏட்டிலும் இல்லாத ஒரு சத்தம் ஆசானிடமிருந்து வந்தது.

"ஆறு."

"ஆசானே," என்றார் யோவான். "நான் மொத நாளே பத்துன்னு சொன்னேன். எனக்க மானம் ஒண்ணும் கப்பலேறல்ல. உமக்க காலு போச்சுன்னா எண்ண தேச்சுவிட ஆளு கெடையாது, பாத்துக்கிடும்."

ஆசான் கண்களை மூடினார்.

"ஒம்பது. ஆபரேசன் முடிஞ்ச அண்ணையில இருந்தே ஒம்பதுதான்."

ஷிஜி எழுதிக்கொண்டு போனாள். டாக்டரைக் கேட்டு ஊசி போட்டார்கள். முக்கால் மணி நேரம் கழித்துப் பெனின் மறுபடி மடக்கத் தொடங்கினான். ஐம்பது. அறுபது. ஆசான் முத்துக்கனியின் கையைப் பிடித்திருந்தார். அறுபத்தைந்தில் அவளும் முகம் சுளித்தாள். எழுபத்திரண்டில் நிறுத்தி, மீதி சாயங்காலம் பார்க்கலாம், கால் வழிக்கு வருகிறது என்றான் பெனின்.

அவன் போனதும் ஆசான் ஷிஜியைக் கைகாட்டி அழைத்து, குரலைத் தாழ்த்தினார்.

"மோளே, அடுத்த மாத்திர எப்பம்? அவன் வாறதுக்கு முந்தி கிட்டுமா?"