நாரை செட்டின் எட்டுச் சுற்று

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தது ஒரு டவுன் பஸ். அரியலூரிலிருந்து கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். முன் சீட்டில் நாற்பதைத் தாண்டிய கணவனும் மனைவியும். (கணவன் மனைவிதான் என்று எப்படித் தெரியும் என்றால், கண்டக்டர் சில்லறை கேட்டபோது அந்த அம்மா பக்கத்திலிருந்தவரின் சட்டைப் பையில் கைவிட்டு எடுத்துக் கொடுத்தார்.) ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டியிருந்தார்கள். எதிரே இருந்த கம்பியில் இருவரும் விரலால் தாளம் போட்டுக்கொண்டே வந்தார்கள். பஸ் ஒரு சிமெண்ட் லாரிக்கு ஒதுங்கி நின்றது. அப்போது இருவர் கைகளும் சட்டென்று அந்தரத்தில் நின்றன. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தன. பிறகு ஒரே நொடியில் இரண்டும் கம்பியில் விழுந்தன. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமலேயே சிரித்தார்கள்.

நான் பார்த்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு. முன்கூட்டியே சொல்லிவிட்டேன், பிறகு சண்டைக்கு வராதீர்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரியை ஓரங்கட்டிவிட்டு, ஸ்டியரிங்கின் மேல் உலகத்திலேயே கடினமான தாளத்தை அறிவழகன்

வேண்டாம். லாரி ஓட்டுகிறவருக்கு இவ்வளவு ஞானமா என்று நீங்கள் நெகிழ்வீர்கள். நானும் கூடவே நெகிழ்ந்து தொலைக்க வேண்டும்.

இரண்டாவது தொடக்கம். அறிவழகன் அரியலூரில் பிளக்ஸ் பேனர் அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறான். (இனி நான் உண்டாக்கிய ஆட்கள் என்பதால் அவன், அவள் என்றே சொல்கிறேன்.) திருவிழாக் காலத்தில் மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிப்பான். அவனுக்கு உயிர் ‘கிரே ஹெரான்’* என்கிற பழைய ஆங்கில ராக் குழு. அவனும் கூட்டாளிகளும் அதை ‘நாரை செட்டு’ என்பார்கள்.

* தேடாதீர்கள், கிடைக்காது. இதுவும் என் கற்பனைதான். நிஜக் குழுவின் பெயரைப் போட்டால் கதையை விட்டுவிட்டு எந்த ஆல்பம் உசத்தி என்று என்னோடு மல்லுக்கு நிற்பீர்கள்.

நாரை செட்டின் டிரம்மர் ஓவன் பிரிட்டிலின் பிறந்தநாளுக்கு, கீழப்பழுவூர் முக்கத்தில் சொந்தச் செலவில் பிளக்ஸ் வைத்தான். ‘தாளத் தளபதிக்கு இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்.’ வெள்ளைத் தாடிக் கிழவரின் படத்தைப் பார்த்தவர்கள், எழுத்தைப் படிக்காமலேயே, “எப்ப எடுக்குறாங்களாம்?” என்று விசாரித்தார்கள். மாலைக்குள் யாரோ மாலையே போட்டுவிட்டார்கள்.

3

இப்போது அந்தப் பாட்டு. அறிவழகனின் கல்லூரி நாட்களில் ஜெயங்கொண்டத்தில் இருந்த ஒரு ரெக்கார்டிங் சென்டர், இசைத்தட்டிலிருந்து கேசட்டில் ஏற்றிக் கொடுத்தது. ஒரே பாட்டு, கேசட்டின் ஒரு பக்கம் பூராவும் ஓடும். பாடுவது கொஞ்சம்தான், வாசிப்பதுதான் ஏராளம். ஓரிடத்தில் கிதார்காரர் ஒரே சுரத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பார். அதற்கு அடியில் பேஸ் கிதார் படிப்படியாக இறங்கும். பிடித்த சுரம் மாறுவதே இல்லை, ஆனால் ஒவ்வொரு படிக்கும் அதற்கு வேறு முகம் வந்துவிடும். பிரிட்டில் இதற்கெல்லாம் ஏழு எண்ணிக்கையில் தாளம் போடுவார். ‘தகிட தகதிமி’ என்று அறிவழகன் சொல்லிப் பார்த்த முதல் நாள், இந்த ஆள் நம்ம ஊரு என்று முடிவு செய்துவிட்டான்.

அதன் உச்சத்தில் எல்லா வாத்தியமும் ஒரே அடியில் நிற்கும். மௌனம். ‘தகிட தகதிமி’ எட்டுச் சுற்று மனதுக்குள் போக வேண்டும். எட்டு முடிந்ததும் அத்தனை பேரும் ஒன்றாக வந்து விழுவார்கள். எட்டுச் சுற்று ஒரு இசைக்குழுவே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதா? அறிவழகன் அதற்காகவே பிரிட்டிலைக் கும்பிட்டான். “எல்லாரும் வாசிக்கறாங்க. வாசிக்காம இருக்கத் தெரியணும்ல?”

(மீன்சுருட்டித் திருவிழாவில் ஒருமுறை மைக் டெஸ்டிங் சாக்கில் இந்த இடத்தை வாசித்தார்கள். எட்டுச் சுற்று மௌனத்தில் கரண்ட் போய்விட்டது என்று நினைத்து ஜெனரேட்டர்காரர் ஓடிப்போய் ஸ்டார்ட் பண்ணிவிட்டார். குழுவின் கீபோர்டு வாசிப்பாளன் கொளஞ்சி இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பான்.)

4

சுகன்யாவைக் கொண்டுவர வேண்டிய இடம் இது. அவளை முதலில் இசை தெரியாத மனைவியாக எழுதினேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. பெரம்பலூரில் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவள். மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, இப்ப விடுங்க என்று நாளெல்லாம் சொல்கிற ஒருத்திக்கு அந்த மௌனம் புரியாதா?

கொளஞ்சியின் தங்கைக்குத் தோழி என்று அவன் வீட்டு மாடிக்கு ஒருநாள் வந்தாள். கேசட் ஓடிக்கொண்டிருந்தது. நான்கைந்து பேர் எட்டுச் சுற்றையும் எண்ணினார்கள். ஒருவன் முந்தினான், ஒருவன் பிந்தினான். அறிவழகன் கை விழுந்த அதே இடத்தில் விழுந்தது சுகன்யாவின் கை மட்டும்தான்.

“சரியா வந்துட்டீங்க,” என்றான் அறிவழகன்.

“நீங்க கடைசிச் சுத்துல கொஞ்சம் இழுத்தீங்க. நானும் கூடவே இழுத்துட்டேன்,” என்றாள்.

கல்யாணம் அங்கேயே நடந்துவிட்டது என்று கொளஞ்சி சொல்வான். பத்திரிகை அடித்ததும் பந்தல் போட்டதும் பிற்பாடு நடந்த சம்பிரதாயம்.

5

போன மாதம் நாரை செட்டின் அந்த ஆல்பத்தைப் புதிதாகச் சுத்தம் செய்து இணையத்தில் வெளியிட்டார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் சுகன்யா போனில் கேட்டாள். கிதார் சுரத்தைப் பிடித்து நின்றது, பேஸ் இறங்கியது. உச்சம் வந்தது. அவள் கையைத் தூக்கினாள்.

பாட்டு நிற்கவில்லை.

ஆர்கன் மெல்லக் கசிந்துகொண்டிருந்தது. பிரிட்டில் குச்சியின் நுனியால் டிரம்மின் விளிம்பில் மட்டும் தட்டிக்கொண்டிருந்தார். கூடவே போட்டிருந்த குறிப்பைப் படித்தாள். பாட்டு நீளம் என்பதால் அந்தக் காலத்தில் இந்தத் துண்டை வெட்டிவிட்டு, இசைத்தட்டின் இரண்டு பக்கத்துக்கும் பாதிப் பாதியாகப் பிரித்தார்களாம். இப்போது ஒட்டியிருக்கிறார்களாம்.

அப்படியானால் எட்டுச் சுற்று? ஜெயங்கொண்டத்து ரெக்கார்டிங் சென்டர்காரர், கேசட்டை ஓடவிட்டபடியே, இசைத்தட்டைத் திருப்பிப் போட எடுத்துக்கொண்ட நேரம்.

டிபன் பாக்ஸை மூடிவிட்டாள். புதிதாக வந்த துண்டு மோசமாக இருந்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். அழகாக இருந்தது. அதனாலேயே அவளுக்கு அழுகை வந்தது. அறிவழகன் எதைப் பார்த்து வாசிக்கக் கற்றானோ, எதை வைத்து அவளைக் கண்டுபிடித்தானோ, அந்த இடத்தில் யாரும் இல்லை.

6

கதைக்கு ஒரு நெருக்கடி வேண்டும். இதோ: உலகெங்கும் உள்ள நாரை செட்டு ரசிகர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலை இணையத்தில் கூடுகிறார்கள். பாட்டுகளில் ஆளுக்கொரு இடத்தை எடுத்து அதன் வாசிப்பைப் பற்றிப் பேச வேண்டும். அறிவழகனுக்கும் வாய்ப்பு வந்திருந்தது. எதைப் பேசப்போகிறான் என்று உங்களுக்கே தெரியும்.

“நான் தமிழ்ல சொல்றேன். நீ இங்கிலீஷ்ல சொல்லிடு,” என்றான். “வாசிக்காம இருக்கறதுதான் பெரிய வாசிப்புன்னு நல்லா அழுத்திச் சொல்லணும்.”

“புதுசா வந்திருக்கறத ஒருதடவ கேட்டுப் பாக்கலாங்க.”

“ஞாயித்துக்கிழம முடியட்டும், நிதானமா கேக்கலாம். இப்பக் கேட்டா பேச்சு கலைஞ்சுரும்.”

தட்டைத் திருப்பியதைப் புகழ்கிறான் என்று வெளிநாட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். அந்தப் புகழ்ச்சியை அவளே தன் வாயால் சொல்ல வேண்டும். விஷயத்தை அவனிடம் சொல்லாவிட்டால் அவமானப்படுவான், சொன்னால் அந்த எட்டுச் சுற்று போய்விடும்.

7

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) கூட்டத்தில் சுகன்யா வேண்டுமென்றே தப்பாக மொழிபெயர்க்கிறாள். அவன் மௌனத்தைச் சொல்ல, அவள் குச்சி நுனியைச் சொல்கிறாள். எல்லோரும் கைதட்டுகிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அன்றைக்கு ராத்திரி அவளுக்குச் சோறு இறங்காது.

(ஆ) அவனுக்கு முன்பே தெரியும். இது எந்தக் கதைக்கும் பொருந்துகிற சட்டை. கழற்றி வைத்துவிட்டேன்.

(இ) கொளஞ்சி வந்து போட்டு உடைக்கிறான். அறிவழகன் டிரம்ஸை மூட்டை கட்டிப் பரண்மேல்

இல்லை. அதற்கு எனக்கு மனசு வரவில்லை.

8

நான் எழுதியதில் அடிக்காமல் விட்டது இது ஒன்றுதான். சனிக்கிழமை மாலை. கடையில் பேனர் மெஷின் யாரோ ஒரு பெண்ணின் மஞ்சள் நீராட்டு விழாவை வரிவரியாக அச்சடித்துக்கொண்டிருந்தது. சுகன்யா வேலையிலிருந்து நேராகக் கடைக்கு வந்தாள்.

“ஏங்க, மெஷின கொஞ்சம் நிறுத்துங்க.”

“என்ன?”

“பாட்டு கேக்கணும்.”

அவள் போனில் இரண்டும் இருந்தன. கேசட்டிலிருந்து ஏற்றிய பழையது, இணையத்தில் வந்த புதியது. எதைத் தொட்டாள் என்று நான் பார்க்கவில்லை. இயர்போனில் ஒன்றை அவன் காதில் மாட்டினாள், மற்றதைத் தன் காதில் மாட்டிக்கொண்டாள். இருவரும் மேசையில் தாளம் போட்டார்கள். கிதார் சுரத்தைப் பிடித்ததை அவன் முகத்தில் பார்த்தேன். பேஸ் இறங்குவதற்கு ஏற்ப அவன் தலையும் இறங்கியது. உச்சம் வந்தது. அவன் கையைத் தூக்கினான். சுகன்யாவும் தூக்கினாள்.

தகிட தகதிமி. இரண்டு. மூன்று.

அவன் நெற்றி ஒருமுறை சுருங்கியது. அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் கையை இறக்கவில்லை. அவனும் இறக்கவில்லை.

மீதிச் சுற்றுகளை நீங்கள் எண்ணிக்கொள்ளுங்கள். கடைசியில் கொஞ்சம் இழுத்தாலும் பரவாயில்லை, அவர்களும் இழுப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை என்ன ஆயிற்று என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் பஸ்ஸில் பார்த்த அந்தக் கைகள்தான். அவை அந்தரத்தில் நின்றதும் சேர்ந்து விழுந்ததும் நிஜம். அந்த நேரத்தில் அவர்கள் காதில் பாட்டு நின்றிருந்ததா, இல்லை அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்ததா என்று கேட்கலாம் என்று எழுந்தேன். அதற்குள் என் ஸ்டாப்பிங் வந்துவிட்டது.