தாணம்மாளின் சீர்க் கடிகாரம்

மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன இடத்தில் நான் முதலில் பார்த்தது மாப்பிள்ளையை அல்ல, சோபாவுக்கு மேலே தொங்கிய கடிகாரத்தை. என் அப்பா சுயம்புலிங்கம் இதை இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

என் பெயர் நந்தனா, வயது முப்பத்தொன்று. நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். வேலை போக மீதி நேரத்தில், மணி அடிக்கிற பழைய சுவர்க் கடிகாரங்களைத் தேடி வாங்கி, பிரித்து, கழுவி, ஓட வைப்பேன். வீட்டில் பதினான்கு இருக்கின்றன. எல்லாம் சேர்ந்து அடித்தால் ஒன்றின் குரலும் கேட்காது என்று ஒவ்வொன்றையும் அரை நிமிடம் தள்ளி வைத்திருக்கிறேன். பகல் பன்னிரண்டு மணி எங்கள் வீட்டில் ஏழு நிமிடம் நடக்கும். அந்த நேரத்தில் போன் வந்தால் அப்பா எடுக்க மாட்டார்.

மாப்பிள்ளை வீடு அருமனையில், ரப்பர் தோட்டத்தை ஒட்டி இருந்தது. மாப்பிள்ளை ரதீஷ் ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்திருந்தான். பேச்செல்லாம் அவன் அப்பா கோலப்பன்தான். ரப்பர் விலை, ரோடு, யார் யாருக்கு எங்கே சம்பந்தம் என்று வாய் ஓயவில்லை. அவன் அம்மா தாணம்மாள் முந்திரிக்கொத்தையும் காபியையும் வைத்துவிட்டு அடுக்களை வாசலில் போய் நின்றுகொண்டார்.

நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைந்தெடுத்த மரப்பெட்டி. முகத்தில் சாவித் துளைகள் இரண்டு, வலது பக்கம் ஓட்டத்துக்கு, இடது பக்கம் மணிக்கு. ஆனால் பெண்டுலம் அசையவில்லை, முள் மட்டும் நகர்ந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. யாரிடமும் கேட்காமல் எழுந்து கண்ணாடிக் கதவைத் திறந்து கீழிருந்து எட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன பெண் செய்கிற காரியமில்லைதான். சக்கரங்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் டப்பா ஒட்டியிருந்தது. அதற்குள் ஒரு பென்சில் பேட்டரி.

"உள்ள இருந்த மெஷின் எங்க, மாமா?"

"அதையா கேக்க?" என்றார் கோலப்பன். "மணிக்கு மணி டங்கு டங்குன்னு ஒரே தொல்ல. எனக்குச் சத்தம் ஆகாது. இருபத்தாறு வருசம் முன்ன களட்டி பழைய இரும்புக்காரனுக்குத் தூக்கிப் போட்டேன். இப்பம் பாரு, இருக்குதே தெரியாது."

பெரிய காரியம் சாதித்த முகத்தோடு சொன்னார். தாணம்மாள் வாசலை விட்டு உள்ளே போய்விட்டார்.

கடைசியில் கோலப்பன் தொண்டையைச் செருமினார். "பிள்ளைய எங்களுக்குப் பிடிச்சாச்சு. ஒரே ஒரு காரியம்தான். கடியாரம் நெறய வச்சிருக்காளாமே, அதொண்ணும் இங்க வேண்டாம். ஆசையாட்டு ஒண்ணு ரெண்டு கொண்டு வரணும்னா, இதப்போல பேட்டரி போட்டுக் கொண்டு வரட்டும்."

நான் ரதீஷைப் பார்த்தேன். காபியில் ஆடை படியும் வரைக்கும் பார்த்தேன். அவன் போனில் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு வேண்டாம் மாமா," என்றேன்.

"கடியாரம் தானே?"

"கல்யாணம்."

திரும்பி வரும்போது தக்கலை தாண்டியதும் அப்பா, "நல்ல எடம் மக்கா," என்றார். நல்ல இடம்தான், யாரும் சத்தம் மட்டும் காட்டக் கூடாது என்றேன். அன்றிரவு ரதீஷ் போனில் குரல் செய்தி அனுப்பியிருந்தான். ரெண்டு வருஷம் அப்பா சொல்வதைக் கேட்டு அட்ஜஸ்ட் பண்ணு, பிறகு பார்க்கலாம் என்று. அழித்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் தாணம்மாள் நின்றார். துணைக்கு ஆளில்லை. இரண்டு பஸ் மாறி வந்திருந்தார், கையில் ஒரு கட்டைப்பை. அப்பா சம்பந்தம் மறுபடி கூடிவிட்டது என்று நினைத்து ஓடிப்போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

"கல்யாணம் பேச வரல்ல," என்று அவரிடம் சொல்லிவிட்டு, தாணம்மாள் என் பக்கம் திரும்பினார். "இது ஓடுமான்னு பாரு மக்களே."

பையிலிருந்து ஒரு பெரிய பிஸ்கட் டின் வந்தது. டின்னுக்குள் பழைய துவர்த்துத் துண்டு, துவர்த்துக்குள் கடிகார மெஷின். மணி அடிக்கும் சுருள் கம்பி, சுத்தியல், சாவி எல்லாம் இருந்தன.

"இரும்புக்காரன்ட்ட போட்டாச்சுன்னாரே அத்தை?"

"போட்டாரு. நான் பின்வாசல் வழியா ஓடி ஜங்ஷன்ல அவன மறிச்சேன். வெங்கல உருளி ஒண்ணக் குடுத்து இத வாங்கினேன். உருளி எங்கன்னு அவரு இதுவரைக்கும் கேக்கல்ல. அடுக்களைக்குள்ள வந்தாத்தான?" தாணம்மாள் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "எனக்க அப்பா கல்யாணச் சீராட்டுத் தந்த கடியாரம். எங்க வீட்டு மணி. அந்த வீட்டுல எனக்குன்னு இருந்த ஒரே பேச்சு. நீ அண்ணைக்கு எழும்பிப் போயி எட்டிப் பாத்தல்லா, நான் உள்ள போயி இந்த டின்னத் தொறந்து பாத்தேன். இத்தன வருசமா நான் கேக்காதத நீ வந்த ஒடனே கேட்டுட்ட."

மெஷின் முழுக்கப் பழுப்பாக ஏதோ பிசின் மாதிரி ஒட்டியிருந்தது. துருப் பிடிக்கக்கூடாது என்று வருஷா வருஷம் தேங்காயெண்ணெய் விட்டிருக்கிறார். கடிகாரத்துக்கு அதைவிடக் கேடு கிடையாது. எண்ணெய் கெட்டித்துச் சக்கரங்களை அசைய விடாமல் பிடித்துக்கொள்ளும். அதை அவரிடம் நான் சொல்லவில்லை. மண்ணெண்ணெயில் மூன்று நாள் ஊறப்போட்டு, குச்சியைச் சீவிச் சீவி ஒவ்வொரு துளையாகச் சுரண்டி எடுத்தேன். தேய்ந்த துளைகளுக்குப் பித்தளையில் சிறு வளையம் அடித்தேன். மணிப் பக்கத்து ஸ்பிரிங் உடைந்திருந்தது, வேறு மாற்றினேன். ஒரு மாதம் ஆனது. என் மேசையில் முதல்முறை அடித்தபோது பதினான்கும் தோற்றுப்போகிற குரல் அது.

கடிகாரத்தின் மரப்பெட்டி அருமனையில் இருந்தது. போய்த்தான் மாட்ட வேண்டும். தாணம்மாளிடம் போனில் கேட்டேன், "மாமா வெளிய போற நேரமாப் பாத்து வரட்டா?"

"வேண்டாம். அவரு இருக்கும்போதே வா. நான் ஒண்ணும் களவாங்கல்லியே."

போனபோது காலை பத்தேகால். கோலப்பன் சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ரதீஷ் ஷார்ஜாவுக்குப் போய்விட்டான். நான் ஸ்டூல் போட்டு ஏறி, கறுப்பு டப்பாவைக் கழற்றிக் கீழே வைத்ததும் அவர் எழுந்துவிட்டார்.

"யாருட்ட கேட்டுட்டு இதெல்லாம்? இது எனக்க வீடு!"

"வீடு ஒங்களுக்கது," என்றார் தாணம்மாள். அடுக்களை வாசலில் அல்ல, கூடத்தின் நடுவில் நின்றிருந்தார். "கடியாரம் எனக்க சீரு."

"இது அடிச்சா நான் இங்க கெடந்து ஒறங்க மாட்டேன்."

"மாடி ரூம் தூத்து வாரி வச்சிருக்கேன். பாயும் விரிச்சாச்சு."

நான் மெஷினை முடுக்கி, முள்ளை மாட்டி, பெண்டுலத்தைத் தட்டிவிட்டேன். இறங்கிவந்து தாணம்மாளை ஸ்டூலில் ஏறச் சொன்னேன்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்த அடி பதினொன்று என்று வீட்டிலேயே சரிசெய்து கொண்டுவந்திருக்கலாம். நான் செய்யவில்லை. பன்னிரண்டு அடித்து முடித்த இடத்தில் நிறுத்திக் கொண்டுவந்தேன், வேண்டுமென்றேதான். இந்த வகைக் கடிகாரத்தில் பெரிய முள்ளை மெதுவாகத் தள்ளி, ஒவ்வொரு அரை மணிக்கும் ஒவ்வொரு மணிக்கும் நின்று, அது அடித்து முடித்த பிறகுதான் மேலே போக வேண்டும்.

தாணம்மாள் முள்ளைத் தள்ளினார். அரைக்கு ஒன்று. ஒரு மணிக்கு ஒன்று. அரைக்கு ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து.

"என்னத்துக்கு எல்லா மணியும் அடிக்கணும்?" கோலப்பன் காதைப் பொத்திக்கொண்டு கத்தினார். "நேரே கொண்டுபோயி வச்சாப் போராதா?"

"போராது மாமா," என்றேன். "விட்டுப்போன மணிய முழுக்க அடிச்சுத் தீத்தாத்தான் சரியான நேரத்துக்கு வரும். ஒண்ண முழுங்கினாலும் பொறவு காலம்பூரா தப்பாத்தான் அடிக்கும்."

ஆறு. ஏழு. எட்டு. தாணம்மாள் அவசரப்படவில்லை. ஒவ்வொன்றும் அடங்கி ஓய்ந்த பிறகே முள்ளைத் தொட்டார். பக்கத்து வீட்டுப் பெண் வேலியருகே வந்து நின்று பார்த்தாள். பத்தரை வரைக்கும் மொத்தம் அறுபத்தாறு அடி. நான் எண்ணினேன். எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை, அதை மறைக்கவும் இல்லை.

தாணம்மாள் முள்ளைச் சரியான நேரத்தில் வைத்துவிட்டு இறங்கினார். ஐந்து நிமிடம் கழிந்தது. பிறகு அதுவாகவே பதினொன்று அடித்தது. கோலப்பன் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"ஒருதரம் முடுக்கினா எத்தன நாளு ஓடும்?"

"எட்டு நாள் மாமா."

"பொறவு நின்னு போவும்லா?"

தாணம்மாள் சாவியை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"சாவி எனக்க கையில இருக்கு," என்றார்.